இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று

நமது நாட்டில் ஒரு பெண் இரண்டாவது முறையாகக் கர்ப்பமாயிருக்கிறாள் என்ற சேதி வெளியானவுடன், சுற்றத்தாரும் அண்டை அயலாரும் முதன் முதலில் செய்கிற காரியம் என்னவென்று பார்த்தால், அந்த வீட்டில் ஒன்றரை வயதோ இரண்டு வயதோ ஆகித் தத்தித் தத்தி நடக்கிற மூத்த குழந்தையைப் பிடித்து நிறுத்தி, "உனக்குத் தம்பி வேண்டுமா, தங்கச்சி வேண்டுமா?" என்று ஜோசியம் கேட்பதேயாகும். குழந்தை "தம்பி" என்று சொல்லிவிட்டால் அதற்கு ஒரு முத்தம். "தங்கச்சி" என்று சொல்லிவிட்டால் எல்லோருடைய முகமும் சுருங்கி விடுகிறது. இன்னும் சில இடங்களில், குழந்தை விளையாட்டாகக் குனிந்து தன் கால்களுக்கு நடுவே பின்னால் பார்த்தால், "அடுத்தது வருகிறது" என்று தீர்மானித்து விடுகிறார்கள். தன் மூக்கைத் துடைத்துக் கொள்ளத் தெரியாத ஒரு குழந்தைக்குத் திரிகால ஞானி உத்தியோகம் கொடுத்து வைத்திருக்கிற நம் ஜனங்களின் புத்தியை என்னவென்று சொல்வது?

பிறக்கப் போவது ஆணா பெண்ணா என்பது, கரு உண்டான அன்றே தகப்பனுடைய விந்தணுவைக் கொண்டு முடிவாகிப் போய்விட்ட சங்கதி. 1905ஆம் வருஷத்திலேயே நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண் விஞ்ஞானி வண்டுகளின் உயிரணுக்களைச் சோதித்து இதற்கு ஆதாரம் காட்டினார். அப்படியிருந்தும் பெண் குழந்தை பிறந்தால் தாயைத்தான் ஏசுகிறார்கள். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதை 1994ஆம் வருஷத்துச் சட்டம் குற்றமாக்கியது. குழந்தையைக் கேட்பது குற்றமல்லதான். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் ஆசையும் இந்த ஆசையும் ஒன்றா அல்லவா என்று கேட்கிறோம்.

நிற்க, நாம் இன்று எழுத வந்தது அந்த ஜோசியத்தைப் பற்றியல்ல. குழந்தையைக் கேள்வி கேட்கிற இத்தனை பேரில் ஒருவராவது அதன் தாயைப் பார்த்து, "நீ நிம்மதியாய்த் தூங்கி எத்தனை நாளாயிற்று?" என்று கேட்டதுண்டா என்பதைப் பற்றித்தான்.

ஒரு நாளைய வேலை

ஒரு சாதாரணக் குடும்பத்தை எடுத்துக் கொள்ளுவோம். விடியற்காலம் குழாயில் தண்ணீர் வந்துவிடும் என்று அவள் ஐந்து மணிக்கே எழுந்திருக்கிறாள். அவள் எழுந்த சத்தத்தில் குழந்தையும் எழுந்து விடுகிறது. அதை இடுப்பில் வைத்துக் கொண்டே குடம் பிடிக்க வேண்டும், அடுப்புப் பற்ற வைக்க வேண்டும், குமட்டிக் கொண்டு வரும்போதே தாளிக்க வேண்டும். குழந்தைக்கு நாலு வாய் சோறு ஊட்டுவதற்குத் தெருக்கோடி வரை நடக்க வேண்டும். அது மிச்சம் வைத்ததைத் தின்றுவிட்டு அதையே தன் சாப்பாடாகக் கணக்கு வைத்துக் கொள்ள வேண்டும். பகலில் அது கண்மூடுகிற ஒரு மணி நேரந்தான் துணி துவைக்கக் கிடைக்கும் நேரம். கூலிக்குப் போகிறவளாய் இருந்தால் இத்தனையும் முடித்துவிட்டு வயலுக்கோ, கட்டிட வேலைக்கோ போக வேண்டும். இரவிலோ, குழந்தை புரள்வது ஒரு பக்கம், வயிற்றுக்குள் இருப்பது உதைப்பது ஒரு பக்கம். இந்த நிலையில் புருஷன் வந்து, "நாளெல்லாம் வீட்டில் சும்மாதானே இருந்தாய்?" என்று கேட்கிறான்.

இந்தச் "சும்மா"வை நிறுத்துப் பார்ப்போம். நன்றாய் வளர்ந்த இரண்டு வயதுக் குழந்தையின் எடை ஏறக்குறைய 12 கிலோ. மாதம் நிறையும்போது கர்ப்பிணியின் உடம்பில் கூடியிருக்கும் எடை ஏறக்குறைய 10 கிலோ. ஆக, கிட்டத்தட்ட ஒரு சிப்பம் அரிசியின் கனத்தை அவள் சுமந்து கொண்டு சமைக்கிறாள், பெருக்குகிறாள், படியேறுகிறாள். ஒரு சிப்பம் அரிசியைத் தூக்கி வண்டியில் போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக் கொள்ளுகிற ஆண்பிள்ளை, இதைச் சும்மா என்று சொல்வது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

2019ஆம் வருஷத்தில் இந்திய சர்க்கார் ஜனங்களின் பொழுது எப்படிக் கழிகிறது என்று கணக்கெடுத்தார்கள். ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு 81 பேர் ஒரு நாளில் கூலியில்லாத வீட்டு வேலை செய்தார்கள். ஆண்களில் செய்தவர்கள் நூற்றுக்கு 26 பேர்தான். செய்தவர்களிலும் பெண்ணுக்கு 299 நிமிஷம், ஆணுக்கு 97 நிமிஷம். இந்தக் கணக்கில் பிராமணன், பிராமணரல்லாதான், ஆஸ்திகன், நாஸ்திகன் என்ற வித்தியாசம் ஒன்றும் போடப்படவில்லை. போட்டிருந்தால் நம் பக்கத்தின் யோக்கியதை என்னவாக வெளிப்பட்டிருக்கும் என்று நாம்தான் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக் கொள்ள வேண்டும்.

நம் வீட்டுச் சங்கதி

ஊராரைக் குறை சொல்லுமுன் நம்மைச் சொல்லிக் கொள்ளுவதுதான் நாணயம். சில வருஷங்களுக்கு முன் நம் துணைவியார் ஏழு மாதக் கர்ப்பமாயிருந்தார். மூத்த பையனுக்கு இருபது மாதம். அன்று நாம் பக்கத்து ஊரில் பெண் விடுதலையைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசி, நல்ல கைதட்டலும் வாங்கிக் கொண்டு, இரவு பதினொரு மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம். பையனுக்குச் சளி. அவன் தாயின் மேலிருந்து இறங்காமல் சிணுங்கிக் கொண்டிருந்தான். நமக்குச் சோறு எடுத்து வைக்க எழுந்தவர், "கூட்டத்தில் பேசினதை இவனுக்கும் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள். இவன் ஒருவனாவது என்னை விடுதலை செய்யட்டும்" என்றார். நாம் சிரித்தோம். ஆனால் அவர் ஒரு கையால் பையனைப் பிடித்துக் கொண்டு மறு கையைச் சுவரில் ஊன்றி எழுந்திருக்க முயன்றபோதுதான், அந்தச் சுவரில் அதே இடத்தில் கைபட்டுக் கைபட்டு அழுக்குப் படிந்திருப்பது நம் கண்ணில் பட்டது. பல வாரமாக அந்தச் சுவர்தான் அவருக்குத் துணையாய் இருந்திருக்கிறது. நாம் இருக்கவில்லை.

அன்று முதல் பையன் நம் பக்கத்தில் படுத்தான். மூன்று இரவு ஓயாமல் கத்தினான். நாலாம் இரவு நம் மார்பில் கால் போட்டுக் கொண்டு தூங்கினான். அவனைக் குளிப்பாட்டவும் ஊட்டவும் பழகிக் கொள்ள நமக்கு ஒரு மாதம் பிடித்தது. அதற்குள் தெருவில் நமக்கு "பெண்டாட்டிதாசன்" என்ற பட்டமும் கிடைத்தது. கூட்டங்களில் கல்லெறியை வாங்கிக் கொண்டவருக்கு இந்தப் பட்டம் எந்த மூலைக்கு? ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லுகிறோம். கல்லெறிக்கு அஞ்சாத நாம் இந்தப் பட்டத்துக்குக் கொஞ்சம் கூசத்தான் கூசினோம். பழைய வழக்கம் நம் புத்தியை விட்டுப் போனாலும் தோலை விட்டுப் போவதில்லை.

சவலை

நம் ஜனங்களுக்குச் சவலைப் பிள்ளை என்றால் என்னவென்று தெரியும். தாய் மறுபடி கர்ப்பமானதும் பால் மறக்கப்பட்டு, கை கால் சூம்பி, முகம் வாடி, எதற்கெடுத்தாலும் அழுது கொண்டிருக்கும் பிள்ளை. இதற்குத் தோஷம் என்றும், வயிற்றுப் பிள்ளையின் பொறாமை என்றும் காரணம் சொல்லி மந்திரிக்கிறார்கள். 1930களில் ஆப்பிரிக்காவில் கோல்டு கோஸ்ட் என்று அப்போது பெயர் பெற்றிருந்த, இன்று கானா என்று சொல்லப்படுகிற நாட்டில், சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் வைத்தியர் இதுபோன்ற குழந்தைகளைக் கண்டார். அந்த ஊர்த் தாய்மார் அந்த நோயை "குவாஷியார்கர்" என்றார்கள். அடுத்த குழந்தை வந்ததால் இடமிழந்த குழந்தைக்கு வருகிற நோய் என்பது அதன் கருத்து. அந்த அம்மையார் மந்திரவாதியைக் கூப்பிடவில்லை. பால் நின்றபின் குழந்தைக்கு வெறும் சோளக் கஞ்சியே ஆகாரமாயிருப்பதைக் கண்டு, ஆகாரக் குறைவே காரணம் என்று எழுதினார். 1935இல் அந்த ஊர்ப் பெயராலேயே அந்நோயை வைத்திய உலகம் அறியும்படி செய்தார்.

ஆகவே சவலைக்கு மருந்து தாயத்தல்ல, முட்டையும் பருப்பும் பாலும் நிலக்கடலையும் கீரையும்தான். கர்ப்பிணியின் பால் விஷம் என்று சொல்லி மூத்ததை ஒரே நாளில் மார்பிலிருந்து பிடுங்கி, வேப்பெண்ணெய் தடவி அதை அலற விடுவது மூடத்தனம். சாதாரணமான கர்ப்பத்தில் அந்தப் பாலால் இரண்டு குழந்தைக்கும் கேடில்லை. மாதம் ஏற ஏறப் பால் குறையும், ருசி மாறும், பல குழந்தைகள் தாமே விட்டுவிடும். உதிரப்போக்கோ, குறைமாதப் பிரசவ பயமோ உள்ளவர்கள் மாத்திரம் வைத்தியரைக் கேட்டு நடக்க வேண்டும். அங்கன்வாடிகள் 1975ஆம் வருஷத்தில் ஏற்பட்ட திட்டத்தின்படி நடப்பவை. அங்கே கர்ப்பிணிக்கும் உண்டு, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கும் உண்டு. அங்கே கொடுக்கும் சத்துமாவை மாட்டுக்குக் கரைத்து ஊற்றுகிறவர்களை நாமே பார்த்திருக்கிறோம்.

இனி, உடம்பு தேறியும் குழந்தை பிடிவாதம் பிடிக்கிறது, விட்டுப் போயிருந்த படுக்கை நனைப்பு மறுபடி வருகிறது, தாயை அடிக்கிறது என்றால் அது கண்ணேறுமல்ல, பேயுமல்ல. இதுவரை தனக்கே சொந்தமாயிருந்த மடியில் இடம் குறைந்து போனதை வாய் திறந்து சொல்லத் தெரியாத குழந்தை, வேறு எப்படித்தான் சொல்லும்? அதற்குமேல் சொந்தக்காரர்கள் வேறு, "பாப்பா வந்துவிட்டால் உன்னை யார் பார்ப்பார்கள்?" என்று விளையாட்டுக்குச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். இந்த விளையாட்டை முதலில் ஒழிக்க வேண்டும். குழந்தைக்கு வேண்டியது வேறொரு மடி. அந்த மடி தகப்பனிடம் இருக்கிறது. அவன் அதில் செல்போனை வைத்துக் கொண்டிருக்கிறான்.

இரத்தமும் இடைவெளியும்

2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேர் இரத்த சோகை உள்ளவர்கள். முதல் பிரசவத்தில் இழந்த இரத்தம் ஊறுவதற்குள் அடுத்த கரு வந்துவிட்டால் என்னவாகும் என்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கர்ப்ப காலத்தில் 180 நாள் இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட வேண்டும் என்று சர்க்கார் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிறார்கள். அதைச் சாப்பிட்டால் பிள்ளை கறுப்பாய்ப் பிறக்கும் என்று தலையணைக்கடியில் ஒளித்து வைத்துவிட்டு, சிவப்பாய்ப் பிறக்கக் குங்குமப்பூ வாங்குகிறார்கள். மாத்திரையால் மலம் கறுக்குமே தவிரப் பிள்ளை கறுக்காது. கறுத்தால்தான் என்ன? மாத்திரையைக் காப்பி, டீயோடு சாப்பிடாமல் இருந்தால் சத்து உடம்பில் சேரும்.

ஒரு குழந்தை பிறந்தபின் அடுத்த கருவுக்கு 24 மாதமாவது இடைவெளி வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூட்டிய வைத்தியர்கள் 2005ஆம் வருஷத்தில் கூறினார்கள். இதற்குக் காப்பர் டி முதலிய பல சாதனங்கள் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இனாமாகவே கிடைக்கின்றன. ஆனால் இதையும் பெண்ணின் தலையிலேயே போட்டிருக்கிறோம். அதே கணக்கின்படி நூறு தம்பதிகளில் ஏறக்குறைய 38 பேரில் பெண் கருத்தடை ஆபரேஷன் செய்து கொண்டிருக்கிறாள். ஆண் செய்து கொண்டது ஆயிரத்துக்கு மூன்று. ஆணுக்கு ஆகும் ஆபரேஷனோ பெண்ணுடையதைவிடச் சுலபமானது. பெறுவதும் அவள், வளர்ப்பதும் அவள், நிறுத்துவதற்கு அறுத்துக் கொள்வதும் அவள் என்றால், ஆண்பிள்ளையின் வீரம் எங்கேதான் இருக்கிறது?

ஆட்சேபணைகள்

"எங்கள் பாட்டி பத்துப் பெற்று வளர்க்கவில்லையா?" என்பார்கள். பெற்றது பத்து, நின்றது எத்தனை என்று அந்தப் பாட்டியையே கேட்டுப் பாருங்கள். 1951ஐ ஒட்டிய காலத்தில் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 146 ஒரு வயது நிறையுமுன் இறந்தன என்பது சர்க்கார் கணக்கு. அன்றியும், நின்ற குழந்தைகளைச் சுமந்தது யார்? பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நிறுத்தப்பட்ட மூத்த பெண்ணின் இடுப்பல்லவா?

"நாங்கள் சம்பாதிக்கிறோம், நேரமில்லை" என்பார்கள். 2017இல் திருத்தப்பட்ட சட்டம் வேலைக்குப் போகும் தாய்க்கு 26 வாரம் சம்பளத்துடன் லீவு என்று வைத்தது. தகப்பனைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தரான தகப்பனுக்கு 15 நாள் உண்டு. மில் தொழிலாளிக்கும் கடைச் சிப்பந்திக்கும் ஏன் கூடாது என்று தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும். அது கிடைக்கிற வரையில் டீக்கடையில் கழிகிற ஒரு மணி நேரத்தை வீட்டுக்குக் கொடுக்க எந்தச் சட்டமும் தடையாயில்லை.

தோழர்களே! இதற்கு மகாநாடு கூட்டித் தீர்மானம் போட வேண்டியதில்லை. இன்றிரவு மூத்த குழந்தையைத் தகப்பன் தன் பக்கத்தில் படுக்க வைத்துக் கொள்ளட்டும். காலையில் தண்ணீரை அவன் பிடிக்கட்டும். அவள் உட்கார்ந்து, சூடாக, முழுச் சாப்பாடு சாப்பிட்டு எழுந்திருக்கிற வரையில் குழந்தையை அவன் வைத்துக் கொள்ளட்டும். அடுத்த முறை அவள் பரிசோதனைக்குப் போகும்போது மாமியாரையோ அக்காளையோ அனுப்பாமல் தானே கூடப் போகட்டும். இவ்வளவையும் செய்துவிட்டுப் பிறகு மேடை ஏறிப் பெண் விடுதலை பேசட்டும். செய்யாதவன் பேசினால், கூட்டத்தில் இருக்கிற தோழர் யாராவது எழுந்து, "ஐயா, உங்கள் குழந்தை இப்போது யார் இடுப்பில் இருக்கிறது?" என்று ஒரு கேள்வி கேட்கும்படி வேண்டிக் கொள்ளுகிறோம். அந்தக் கேள்வியை நம்மைப் பார்த்தே முதலில் கேட்கலாம். நாம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.