விசுவாசம் குறைந்தா போயிற்று?

“விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு சிஸ்டர்?”

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்தில் ஒருவர் என் அம்மாவிடம் கேட்ட கேள்வி இது. அம்மா சிரித்துச் சமாளித்தார். ஆனால், மறுநாளே மாத்திரையை நிறுத்திவிட்டார். அலமாரியில் பிரிக்காத மாத்திரை அட்டைகளைக் கண்டபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. அதற்குள் நான்கு மாதம் ஓடிவிட்டது!

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் நடந்த நாள்களில் சபையே எங்கள் வீட்டில்தான் இருந்தது. சோறு, கறி, ஜெபம் எதற்கும் குறைவில்லை. அந்த அன்பை நான் மறக்கமாட்டேன். தலைமுடி மீண்டும் முளைத்ததும் கூட்டம் கலைந்தது.

உண்மையில் நீண்ட சிகிச்சை அதன் பிறகுதான் தொடங்கியது. ஹார்மோனைச் சார்ந்து வளரும் வகைப் புற்றுநோய் என்பதால் அம்மாவுக்குத் தாமோக்சிஃபென் மாத்திரை. தினம் ஒன்று, ஐந்தாண்டுகளுக்கு. 2012இல் அட்லஸ் ஆய்வு முடிவுகள் வெளியான பிறகு சிலருக்குப் பத்தாண்டுவரை நீட்டிக்கிறார்கள். ஐந்தாண்டு என்றாலே ஏறக்குறைய 1,800 மாத்திரைகள்! உடல் திடீரெனக் கொதிக்கும். இரவில் வேர்த்து உடை நனையும். அவதி மட்டும் தெரியும், பலன் கண்ணுக்குத் தெரியாது. நோய் திரும்பாமல் இருப்பதை யார் பார்க்க முடியும்?

காணாதவற்றைப் பற்றிய உறுதிதான் விசுவாசம் என்று வேதாகமம் சொல்கிறதே! அப்படியானால் அந்த மாத்திரையைத் தினமும் விழுங்குவதற்கு வேறு என்ன பெயர்?

நம் சபைகளில் குணமானவர்களைத்தான் சாட்சி சொல்ல அழைக்கிறோம். 900ஆவது மாத்திரையைப் போட்டவரை எந்த மேடையும் அழைத்ததில்லை. என் ஆதங்கம் இதுதான்.

யோபுவின் நண்பர்கள் மூவரும் முதலில் ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அதுவே. பிறகு வாய் திறந்து, “உன்னிடம்தான் குறை” என்றார்கள். முடிவில் கடவுளின் கோபம் யார்மேல் வந்தது? புலம்பித் தீர்த்த யோபுவின்மேல் அல்ல, அந்த நண்பர்கள்மேல்!

தமிழ்ப்பள்ளியில் பொறுமை என்றதும் ‘பொறையுடைமை’ அதிகாரத்தை மனனம் செய்தோம். அது பிறர் செய்யும் தீங்கைப் பொறுப்பது. துன்பத்தைத் தாங்க வள்ளுவர் ‘இடுக்கண் அழியாமை’ என்று வேறு அதிகாரமே வைத்திருக்கிறார். இடைநிலைப்பள்ளியில் கற்றது ‘சபார்’, வரிசையில் நிற்க. அம்மாவுக்கு மூன்றும் தேவைப்பட்டன.

அம்மாவைக் கெஞ்சி மீண்டும் அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். ஐந்து ரிங்கிட் கட்டணம், அரை நாள் காத்திருப்பு. டாக்டர் திட்டுவார் என்று பயந்தோம். அவர் திட்டவில்லை. “இன்றிலிருந்து தொடருங்கள்” என்றார். வெளியே வந்ததும், “கடவுளே சொன்ன மாதிரி இருந்துச்சு” என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாத்திரைப் பெட்டி இப்போது வேதாகமத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. விடுதியிலிருந்து இரவு ஒன்பதரைக்கு அழைப்பேன்.

“ஜெபம் பண்ணிட்டேன், மாத்திரையும் போட்டாச்சு. நீ சாப்பிட்டியா?”