ரீஸ்டார்ட் சாமி

"சார், டிஸ்க் ஃபுல் ஆயிடுச்சு. கோர்னு ஒரு ஃபைல் நாலு ஜிபி கெடந்துச்சு, தூக்கிட்டேன். ரீஸ்டார்ட் பண்ணதும் சரியாயிடுச்சு." நேற்று காலை ஏழு மணிக்கு அலுவலகத் தம்பி ஒருவர் போனில் சொன்னது. குரலில் அப்படியொரு பெருமிதம். கொலை நடந்த வீட்டைக் கழுவி, வாசலில் கோலமும் போட்டுவிட்டேன் என்று போலீஸுக்கே சொல்பவரிடம் என்னத்தைப் பேசுவது?

ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும் என்பது நம் தொழிலின் குலதெய்வ வழிபாடு. கோர் டம்ப் குப்பை, அதைப் படிக்க மேதைகள் வேண்டும் என்பது அந்தச் சாமியின் தலபுராணம்.

மேதையாம்! லினக்ஸில் ஒரு புரோகிராம் தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டால் கெர்னல் சிக்னல் 11 அனுப்பி அதன் கதையை முடிக்கிறது. அனுமதித்திருந்தால், சாகும் நொடியில் அதன் நினைவகத்தில் இருந்ததை ஃபைலாக எழுதியும் வைக்கிறது; அதுதான் கோர் டம்ப். நினைவகம் காந்த வளையங்களாக இருந்த காலத்துப் பெயர்தான் 'கோர்'. ஜிடிபி என்ற டீபக்கரில் புரோகிராமையும் கோரையும் சேர்த்துத் திறந்து பி.டி. என்று இரண்டெழுத்து அடித்தால், எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது, எங்கே விழுந்தது என்று வரிசையாக வந்து நிற்கும். பிடி! தமிழனுக்கு இதைவிடத் தெளிவாக யார் கட்டளை எழுதித் தருவார்கள்?

நேற்று கோரை விட்டுப்போன இதே விண்ணப்பப் புரோகிராம் சில வருடங்களுக்கு முன்பும் விழுந்துகொண்டே இருந்தது. விழுந்தால் தானாக எழுப்ப ஒரு ஸ்கிரிப்டைப் போட்டு ஒன்றரை மாதம் கும்பிட்டார்கள். லாகைப் பார்த்தால் போதும் என்று வாதம் வேறு. லாகில் கடைசி வரி 'விண்ணப்பம் வந்தது'. வந்தது சரி, செத்தது ஏன்? ஒருநாள் கோரைத் திறந்தேன். ஊர்ப் பெயருக்கு 32 பைட் ஒதுக்கி, அதை ஒட்டியே ஒரு பாயிண்டரை வைத்திருந்தார்கள். யாரோ 'திருநெல்வேலி' என்று தமிழில் எழுதியிருந்தார். கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் 12 குறிகள். யூடிஎஃப்-8இல் குறிக்கு 3 பைட் வீதம் 36. வழிந்தது பாயிண்டரின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. பாயிண்டரை அச்சிட்டால், முகவரிக்குள் தலைகீழாகக் கிடக்கிறது 'லி'யின் இகரக் குறி! கால் மணி நேர வேலை. மதுரைக்காரர் 15 பைட்டில் தப்பித்தார், சென்னைக்காரர் 18இல். எந்த லாக் திருநெல்வேலியைக் காட்டிக்கொடுத்திருக்கும்? எந்த ரீஸ்டார்ட் 36ஐ 32க்குள் அடைக்கும்?

இதற்கு மேல் யூலிமிட்டில் கோர் அளவைப் பூஜ்யமாக்கி, சாட்சி பிறக்கவே விடாத புண்ணியவான்கள் உண்டு. சிம்பல்களை உரித்தெடுத்துவிட்டு, ஜிடிபியில் வெறும் கேள்விக்குறியாக வருகிறதே என்று அழுகிறவர்கள் உண்டு. கோரில் பாஸ்வேர்ட் இருக்கும், ஆபத்து என்கிறார் செக்யூரிட்டிக்காரர். இருக்கும்தான். அவர் மானிட்டர் ஓரத்து மஞ்சள் காகிதத்திலும் இருக்கிறது.

   

போனை வைத்துவிட்டுச் சோர்ஸைத் திறந்தேன். அன்று நான் எழுதிய அறிக்கையைப் படித்து யாரோ திருத்தியிருக்கிறார்: 32ஐ 48 ஆக்கியிருக்கிறார். அவ்வளவுதான். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு 54 வேண்டும். நேற்று விழுந்தது அந்த ஊர்க்காரரால்தானா என்று தம்பியை மறுபடி அழைத்துக் கேட்டேன்.

"எப்படி சார் தெரியும்? கோரைத்தான் தூக்கிட்டேனே."

டிக்கெட்டை மூடிவிட்டார். 'மூலகாரணம்' என்ற கட்டத்தில் எழுதியிருக்கிறார்: ரீஸ்டார்ட் செய்யப்பட்டது.