பயந்த முயலும் நாமும்



கனடாவின் யூக்கொன் காடுகளில் ஒருவகை முயல் உண்டு. நல்ல ஆண்டுகளில் ஒரு கோடையில் நான்கு தடவை குட்டி போடும். லிங்ஸ் என்னும் காட்டுப்பூனைகள் பெருகிவிட்டால் இரண்டு தடவைதான். 2009இல் வெளியான ஆய்வொன்றில், சினைமுயல்களிடம் பழக்கிய நாயொன்றை ஒருநாள் விட்டு ஒருநாள் ஓரிரு நிமிடம் மட்டும் விட்டார்கள். நாய் கடிக்கவில்லை. ஆனாலும் முயல்களுக்குக் கோட்டிசோல் என்ற ஓமோன் கூடியது. உயிரோடு குட்டி ஈன்றவை குறைந்தன. பிறந்த குட்டிகளும் சிறுத்திருந்தன.

ஆபத்து வேளையில் உடல் முதலில் உயிரைக் காக்கிறது. பிள்ளைப்பேற்றுக்கான ஓமோன்களைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிவைக்கிறது. பெண்களுக்கும் கடும் பயமும் பட்டினியும் மாதவிடாயை நிறுத்தலாம், தாம்பத்திய விருப்பத்தைக் குறைக்கலாம்.

“முகாமில் இருந்தபோது மாதம் வரவில்லை. மாமி என்னைத்தான் குறை சொன்னா” என்று என்னிடம் அழுத தங்கைமார் உண்டு. அது உங்கள் குற்றமல்ல. முயலை யாரும் குறை சொல்வதில்லையே!

பயம் போனாலும் உடல் தேற நாளெடுக்கும். கர்ப்பம் இல்லாமலே மூன்று மாதம் வராவிட்டால் குடும்பநல மாதிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். நல்ல சாப்பாடு, நித்திரை, மனம்விட்டுப் பேச ஒருவர், இவையும் உங்களைத் தேற்றும்.