யாருடைய பாலம், யாருடைய கால்வாய்?

இந்தக் கடலில் பாலம் என்றாலே பலருக்கு ராமர் ஞாபகம் வருகிறது. நமக்கு வர வேண்டியது மண்டபம் முகாமின் ஞாபகம்.

1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். வளர்ச்சி என்று வெள்ளைக்காரன் மார்தட்டினான். அந்த வழியே இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை மண்டபத்தில் நிறுத்தி, நோய் பார்த்து, சரக்கு மாதிரி ஏற்றி அனுப்பினார்கள். போனதில் பெரும்பகுதி நம்ம சனம். 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம், அவர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்றது. அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன கடல்வழியாகவே திரும்பி வந்து, அதே மண்டபத்தில் மூட்டையை இறக்கினார்கள்.

இந்த வரலாற்றை வைத்துக்கொண்டுதான் சேதுக் கால்வாயைப் பார்க்க வேண்டும். 2005 ஜூலை 2-இல் மதுரையில் தொடங்கிவைத்தார் மன்மோகன் சிங். 2,427 கோடி ரூபாய். 167 கிலோமீட்டர் நீளம். 12 மீட்டர் ஆழம். இலங்கையைச் சுற்றாமல் போனால் கப்பலுக்கு 30 மணி நேரம் வரை மிச்சம் என்றார்கள். 2007-இல் ஆதாம் பாலத்தைச் சேதப்படுத்தக் கூடாதென்றது உச்ச நீதிமன்றம். மாற்றுவழியை ஆராய்ந்த பச்சௌரி குழு, பொருளாதாரக் கணக்கிலும் சுற்றுச்சூழல் கணக்கிலும் அது கட்டாது என்றது; 2013-இல் இது வெளியானது. ஆனாலும் 2023 ஜனவரியில் தமிழகச் சட்டமன்றம் திட்டத்தை நிறைவேற்றக் கோரித் தீர்மானம் போட்டது. அதே ஆண்டு ஜூலையில் மோடியும் ரணிலும் இரு நாட்டுக்கும் தரைவழி இணைப்பு பற்றி ஆய்வு செய்யச் சம்மதித்தார்கள். ஆக, கதை முடியவில்லை.

ஒரு பக்கம் ராமர் என்றார்கள். இன்னொரு பக்கம் நூற்றைம்பது ஆண்டுக் கனவு என்றார்கள். மூன்றாவதாகப் பவளப்பாறை, கடல்பசு என்றார்கள். பவளப்பாறை பொய்யில்லை. தோண்டிக் கலங்கிய சேறு பாறையில் படிந்தால் பாறை சாகும், மீன் போகும். சேற்றுக்கு எல்லைக்கோடு தெரியாது, தலைமன்னார்க்காரன் வலையும் காலியாகும். ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986-இல் தேசியப் பூங்காவாக்கிய பிறகு, பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்களுக்குத் தீவில் கால்வைக்கத் தடை வந்ததே, அதுவும் சுற்றுச்சூழல் பெயரால்தானே? கடலைக் கெடுக்காதவளுக்குத்தான் முதல் தண்டனை.

வளர்ச்சியையும் இயற்கையையும் சமன் செய்கிறோம் என்கிறார்கள் மேதாவிகள். தராசில் இரண்டு தட்டு இருக்கு, சரி. தராசைப் பிடிச்சிருக்கிற கை யாரோடது? நட்டஈடு பட்டா உள்ளவனுக்கு, படகு உள்ளவனுக்கு. கரிமூட்டத்தில் வேகிறவன், வாலிநோக்கம் உப்பளத்தில் காலைப் புண்ணாக்கிக்கொள்கிறவள், இறால் பண்ணையில் தினக்கூலிக்கு நிற்கிறவன் இவர்களிடம் காட்ட என்ன காகிதம் இருக்கு? காகிதம் இல்லாதவருக்கு இழப்பும் இல்லையாம். சாதி நிலத்தைப் பிடுங்கியது. திட்டம் அதையே சாட்சியாக்கி, நீ பாதிக்கப்பட்டவனே இல்லை என்கிறது.

கால்வாய் வேண்டுமா வேண்டாமா என்று நம்மைக் கேட்டால், முதலில் நம்மை எண்ணு என்போம். நிலமும் படகும் இல்லாதவர் பிழைப்பை ஊர்வாரியாக, சாதியும் பாலும் குறித்துக் கணக்கெடுக்க வேண்டும். சுருக்கத்தை மட்டும் தமிழில் நீட்டாமல் ஆய்வறிக்கை முழுவதையும் தமிழில் தர வேண்டும். கருத்துக்கேட்புக் கூட்டம் சேரிக்கும் வர வேண்டும். இது நடக்காதவரை எந்தத் திட்டத்துக்கும் நம் கை தூக்க வேண்டியதில்லை.

மாணவத் தோழர்கள் இந்தக் கணக்கெடுப்பை அரசுக்காகக் காத்திராமல் தங்கள் ஊரிலேயே தொடங்கலாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். நம்ம பேரை நாமதான் எழுதணும்.