ஓட்டிசம்: தோட்டத்துப் பிள்ளைக்கும் சிகிச்சை எட்ட வேண்டும்

ஆண்டுதோறும் ஏப்ரல் 2ஆம் திகதி உலக ஓட்டிச விழிப்புணர்வு தினமாக அனுஷ்டிக்கப்படுகின்றது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2007ஆம் ஆண்டில் நிறைவேற்றிய தீர்மானத்துக்கு அமைய 2008 முதல் இது நடைமுறையில் உள்ளது. அன்றைய தினம் நகரங்களில் கருத்தரங்குகள் நடைபெறுகின்றன, அறிக்கைகள் வெளியாகின்றன. ஆயினும் நுவரெலியா, ஹற்றன் பகுதித் தோட்டங்களில், பெயர் சொல்லி அழைத்தும் திரும்பிப் பாராத, மூன்று வயதாகியும் பேச்சு வராத பிள்ளையை வைத்திருக்கும் தாயின் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பிள்ளையை எங்கே கொண்டு போவது?

ஓட்டிசம் தொற்றுநோய் அன்று. தாய் செய்த பிழையின் விளைவும் அன்று. தடுப்பூசியால் வருவதுமில்லை, செய்வினையால் வருவதுமில்லை. மூளையின் வளர்ச்சி வேறொரு வழியில் அமைவதால் பேச்சிலும் பழக்கத்திலும் பிறரோடு உறவாடுவதிலும் ஏற்படும் வேறுபாடே அது. மருந்தால் மாற்றக்கூடியதன்று. ஆனால் சிறு வயதிலேயே முறையான பயிற்சி கிடைக்குமாயின், தன் தேவையைச் சொல்லவும் தானே உண்ணவும் உடுக்கவும் பலருடன் கூடிப் படிக்கவும் பல பிள்ளைகளால் இயலும். காலம் தாழ்த்தினால் இழப்பு பிள்ளைக்கே.

இது அபூர்வமான நிலையுமன்று. 2021ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் ஓட்டிசம் உடையவராக இருந்தார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பாகும். நமது நாட்டில் கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹேமமாலி பெரேரா தலைமையிலான குழு, 18 முதல் 24 மாத வயதுடைய பிள்ளைகளிடையே நடத்தி 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் 93 பேருக்கு ஒருவர் என்ற விகிதம் கண்டறியப்பட்டது. ஆய்வு சிறியது, எனினும் அந்த விகிதம் ஓரளவேனும் மலையகத்துக்குப் பொருந்துமாயின், இத்தகைய பிள்ளை இல்லாத தோட்டம் அரிதாகவே இருக்கும். அவர்கள் 'ஊமை' என்றும் 'புத்தி குறைந்தது' என்றும் பெயர் சூட்டப்பட்டு லயன் அறைகளுக்குள் முடங்கிக் கிடக்கின்றனர்.

சிறுவர் உளநல மருத்துவமும் பேச்சுப் பயிற்சியும் கொழும்பு சீமாட்டி றிஜ்வே வைத்தியசாலை, ராகமை, பேராதனை சிறுவர் வைத்தியசாலை என்று பெருநகரங்களைச் சுற்றியே அமைந்துள்ளன. ஹற்றனிலிருந்து கண்டிக்குச் சுமார் 70 கிலோமீற்றர். தோட்டத்திலிருந்து பிரதான வீதிக்கு இறங்கி, பஸ் மாறிச் சென்று திரும்ப ஒரு நாள் முழுதும் கழிந்துவிடும். பிள்ளையோ கூட்டத்தையும் இரைச்சலையும் தாங்காது.

கூலியையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 2024ஆம் ஆண்டில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளத்தை 1,550 ரூபாவாக உயர்த்தவும், வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அரசாங்கம் 200 ரூபா வருகைக் கொடுப்பனவு வழங்கவும் 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்தது. அதன்படி வாரம் ஒரு நாள் சிகிச்சைக்குச் செல்லும் தாய் மாதத்துக்கு 7,000 ரூபாவை இழக்கிறாள். குறைந்த வருமானக் குடும்பங்களின் மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தின் மூலம் 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது வரவேற்கத்தக்கதே. எனினும் அதன் பெரும்பகுதி இழந்த கூலியை ஈடுசெய்வதிலேயே கரைந்துவிடும். பிள்ளையின் நிலையை வைத்தியர் உறுதிப்படுத்தாத குடும்பத்துக்கோ அதுவும் இல்லை.

தூரத்தையும் செலவையும் கடந்து செல்வோரை மொழி தடுக்கிறது. பேச்சுப் பயிற்சி என்பது ஊசி மருந்து போன்றதன்று. அது முழுக்க முழுக்க மொழியால் நடப்பது. பிள்ளை வீட்டில் கேட்பது தமிழ். பயிற்சியும் அறிவுரையும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ அமைந்தால், தாய் வீட்டுக்கு எதைக் கொண்டு செல்வாள்? இது தோட்டத் தொழிலாளரின் பிரச்சினை மாத்திரமன்று. ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களில் வாழும் தமிழ்மொழி பேசும் முஸ்லிம் குடும்பங்களும் இதே சுவரில்தான் முட்டிக்கொள்கின்றன.

அப்படியாயின் வழி என்ன? தோட்டந்தோறும் நிபுணரை நியமிப்பது இன்று நடக்கக்கூடியதன்று. ஆனால் நிபுணர் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பேராசிரியர் பெரேரா குழுவினர் 2016இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, தாய்மாருக்குப் பயிற்சியளித்து வீட்டிலேயே மேற்கொள்ளப்பட்ட பயிற்சி சிறு பிள்ளைகளிடம் தெளிவான முன்னேற்றத்தை ஏற்படுத்தியதைக் காட்டியது. அதே ஆண்டில் வெளியான ஆய்வொன்று, இந்தியாவின் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நிபுணரல்லாத சுகாதாரப் பணியாளர்களே பெற்றோரை வழிநடத்த முடியும் என்று நிரூபித்தது. பெற்றோர் பிள்ளையின் போக்கைப் புரிந்து நடந்துகொள்ள, பிள்ளைகளும் தாமாகவே பெற்றோருடன் தொடர்புகொள்ளத் தலைப்பட்டனர்.

அத்தகைய பணியாளர்கள் தோட்டங்களில் ஏற்கனவே உள்ளனர். பிள்ளை மடுவம் என்று நம்மவர் அழைக்கும் சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் மலையகத்துக்கே உரிய ஏற்பாடாகும். தாய் கொழுந்து பறிக்கும் நேரமெல்லாம் பிள்ளையைக் காண்பவர் அங்குள்ள உத்தியோகத்தரே. ஒரு பிள்ளை மற்றைய பிள்ளைகளோடு சேராததையும், கை நீட்டிக் காட்டிக் கேட்காததையும் முதலில் கவனிக்கக்கூடியவரும் அவரே. 18ஆவது மாதத் தடுப்பூசிக்குப் பிள்ளை வரும்போது குடும்பநல உத்தியோகத்தர் சில எளிய சோதனைகளைச் செய்யலாம். எழுத்தறிவு குறைந்த தாயும் விளங்கிக்கொள்ளப் படங்களைக் கொண்ட சோதனைமுறை நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்டுள்ளது.

ஆகவே சுகாதார அமைச்சும், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும், தோட்டக் கம்பனிகளும் சேர்ந்து செய்ய வேண்டியவை தெளிவானவை. இவ்வுத்தியோகத்தர்களுக்குத் தமிழில் பயிற்சி வழங்கப்பட வேண்டும். இந்திய உதவியில் கட்டப்பட்டு 2017இல் திறக்கப்பட்ட டிக்கோயா வைத்தியசாலையிலும் நுவரெலியா மாவட்ட வைத்தியசாலையிலும் தமிழ் தெரிந்த பேச்சுப் பயிற்சியாளரின் சேவை குறித்த நாட்களில் தவறாது கிடைக்க வேண்டும். சிகிச்சை நாளுக்குச் சம்பளத்துடனான விடுமுறையைத் தொழிற்சங்கங்கள் தமது கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். தமிழ்மொழிப் பாடசாலைகளில் விசேட கல்விப் பிரிவுகள் பெருக வேண்டும். பணியாளரைப் பயிற்றுவித்தோம் என்பதைக் காரணங்காட்டி நிபுணர் நியமனத்தைத் தள்ளிப்போடுவதும் ஏற்கத்தக்கதன்று. வழிநடத்த நிபுணர் இல்லாத பணியாளர் விரைவில் சோர்ந்துவிடுவார்.

சமூகத்துக்கும் கடமையுண்டு. கோயில் பரிபாலன சபையும் பள்ளிவாசல் நிர்வாகமும் தேவாலயமும் இப்பிள்ளைகளின் பயணச் செலவைப் பொறுப்பேற்கலாம். பெற்றோர் மாதம் ஒருமுறை கூடிப் பேச இடம் தரலாம். திருவிழாவிலோ தொழுகையிலோ சத்தமிடும் பிள்ளையை முகஞ்சுளிக்காது ஏற்றுக்கொள்வதற்குப் பணம் தேவையில்லை.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டிலேயே 28ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றிய நாடு இது. ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியும் உள்ளது. அந்த உரிமை தோட்டத்துப் பிள்ளையையும் சென்றடைய வேண்டுமாயின், அதற்கான முதற்படி பிள்ளை மடுவத்தின் வாசலிலேயே வைக்கப்பட வேண்டும்.