குழந்தையின் வலியும் பெற்றோர் கடனும்

சென்ற திங்கள் டெய்ரி ஃபார்மில் நம் வீட்டுச் சிறுவன் கொய்யா மரத்தினின்று விழுந்து, முன்கையைப் பற்றிக்கொண்டு அலறினான். “எண்ணெய் தேய்த்து உருவுங்கள்” என்றார் ஒருவர். “வலி மருந்து கொடுத்தால் முறிவு தெரியாது போய்விடும்” என்றார் மற்றொருவர். நாமோ நமது முதுகுவலி மாத்திரையைப் பாதியாக உடைத்து வைத்திருந்தோம். மூன்றும் பிழையென வைத்தியர் உரைத்தார். அன்பர்களும் அறிந்திடல் வேண்டும்.

முறிந்த எலும்பை உருவினால் கேடு மிகும்; அட்டை வைத்துக் கட்டி, அசையாது காத்தலே முதற்பணி. வலி தணிந்தாலும் எக்ஸ்ரே முறிவைக் காட்டிவிடும். மருந்தின் அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு ஐபுப்ரோஃபென் 10 மில்லிகிராம், அல்லது பாராசிட்டமால் 15 மில்லிகிராம் என்பது வழக்கம். கனடாவின் ஒட்டாவா நகரில் காயமுற்ற 300 சிறாரிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பாராசிட்டமால், கோடீன் இரண்டினும் ஐபுப்ரோஃபெனே வலியை நன்கு தணித்தது. ஆயினும் காய்ச்சலும் இருப்பின் டெங்குவாகலாம். அப்போது ஐபுப்ரோஃபென் ஆகாது. நிமிசுலைடோ 12 வயதுக்குட்பட்டோர்க்கு 2011-லேயே நம் நாட்டில் தடை செய்யப்பட்டது.

தாய்மார்களே, பிள்ளையின் எடையை இன்றே குறித்து வையுங்கள். வைத்தியரைக் கேட்டு உரிய மருந்தை உடனே கொடுங்கள். “ஆண்பிள்ளை அழலாமா?” என்று அதட்டுதல் மருந்தாகாது.