ரத்தம் எடுக்கப் பெண், மருந்து சோதிக்க ஆணா?

எயிட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. கிருமியை உடம்பைவிட்டு அடியோடு ஒழிக்க வழி தேடி உலகமெங்கும் ஆராய்ச்சி நடந்து வருகின்றது. இதில் நமக்கு மிகுந்த சந்தோஷமே. ஆனால் அந்த ஆராய்ச்சி யாருடைய உடம்பில் நடக்கின்றது என்று விசாரித்தால், சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியவில்லை. உலகில் இக்கிருமியோடு வாழ்கின்றவர்களில் சரிபாதிக்கு மேற்பட்டவர்கள் பெண்கள். அப்படியிருக்க, அதுவரை நடந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2016-ல் வெளியிடப்பட்ட ஒரு கணக்கின்படி, நோயைத் தீர்க்க வழி தேடும் சோதனைகளில் பெண்கள் நடுத்தரமாக நூற்றுக்குப் பதினொருவரே. கிருமியை அடக்கிவைக்கும் மாத்திரைகளின் சோதனையில் நூற்றுக்கு 19 பேர், தடுப்பூசிச் சோதனையில் 38 பேர். அதாவது, நோய் தீரவேண்டிய இடத்தில்தான் பெண் எல்லோருக்கும் பின்னால் நிறுத்தப்பட்டிருக்கிறாள்.

இது எங்கோ சீமையில் நடக்கும் சங்கதி, மீஞ்சூரில் இருப்பவனுக்கு இதனால் என்ன என்று சிலர் கேட்கலாம். இந்தியாவில் இக்கிருமி முதன்முதல் எங்கே, யாருடைய ரத்தத்தில் கண்டுபிடிக்கப்பட்டது? நமது சென்னையில், 1986-ல், பெண்களுடைய ரத்தத்தில். சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும், அவரிடம் படித்த நிர்மலா அவர்களும் அதைக் கண்டுபிடித்தார்கள். நிர்மலா, விபசாரத் தொழிலுக்காகப் பிடித்து அடைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்து, வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சோதிக்க, ஆறு பேருடைய ரத்தத்தில் கிருமி இருப்பது தெரிந்தது. கண்டுபிடித்தவர்களும் பெண்கள், ரத்தம் கொடுத்தவர்களும் பெண்கள். எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்பதே அந்த ஏழைப் பெண்களுக்குத் தெரியாது. அதனால் அவர்களுக்குக் கிடைத்த பலன் என்ன? நோயைப் பரப்புகிறவர்கள் என்ற பழி. கிருமி இருந்த ஒரே குற்றத்துக்காகச் சிலரை வெளியே விடாமல் வைத்திருந்து, 1990-ல் ஹைகோர்ட்டு உத்தரவு போட்ட பிறகே விட்டார்கள். அவர்களிடம் போய்வந்த ஆண்களில் ஒருவனையாவது யாராவது அடைத்துவைத்ததுண்டா?

நிற்க, வீட்டுப் பெண்களின் கதையைப் பார்ப்போம். நம் நாட்டில் இக்கிருமி தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு அது வந்த வழி கட்டிய புருஷனே. லாரித் தொழிலாளித் தோழர்கள்மேல் மட்டும் பழிபோட்டுவிட்டு, எண்ணூர்ச் சாலைக்கு அப்பால் இருப்பவர்கள் தப்பித்துக்கொள்ள வேண்டாம். எல்லாத் தொழிலிலும் எல்லாச் சாதியிலும் இது உண்டு. குட்டம் பிடித்த புருஷனைக் கூடையில் வைத்துத் தாசி வீட்டுக்குச் சுமந்துபோன நளாயினியைப் பதிவிரதை என்று மெச்சிப் பாடம் நடத்துகிற நாடல்லவா இது! புருஷனுக்கு என்ன நோய் என்று கேட்பதே கற்புக்கு இழுக்கு என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, பிறகு அவளுக்கு நோய் வந்தால் ‘கர்ம வினை’ என்கிறார்கள். புருஷனுடைய வினை பெண்சாதியின் ரத்தத்தில் ஏறுமென்று எந்த சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறதோ நாமறியோம்.

இனி, ஆணுக்குக் கண்டுபிடித்த மருந்து பெண்ணுக்கும் கேட்காதா, இதற்கு ஏன் இவ்வளவு கூச்சல் என்று ஒரு கேள்வி வரும். கேட்கலாம், கேளாமலும் போகலாம், சோதித்தால்தானே தெரியும்? இப்போது நமது சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் 2004 முதல் இலவசமாகக் கொடுத்துவரும் கூட்டு மருந்து கிருமியை அடக்கும், கொல்லாது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் கிருமி மீண்டும் கிளம்பிவிடும். ஏனெனில், வரப்பு வளைக்குள் பதுங்கிய எலியைப்போல, அது சில வெள்ளணுக்களுக்குள் போய்த் தூங்கிக்கொண்டிருக்கிறது. வளைக்குப் புகை போடுவதுபோல் அதைத் தட்டியெழுப்பி வெளியே வரவைத்து ஒழிக்கலாமா என்பது ஆராய்ச்சிக்காரர்களின் ஒரு யுக்தி. பெண்ணுடம்பில் அதிகமாகச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற நீர், தூங்கும் கிருமியை எழும்பவிடாமல் அமுக்கிவைக்கிறது என்பது 2018-ல் வெளியான ஆராய்ச்சியில் தெரிந்தது. ஆகவே ஆண் உடம்பில் வேலை செய்யும் அதே புகை பெண் உடம்பில் போதாமற் போகலாம். இதன்மேல், மாதவிடாய் நின்ற 31 பெண்களை மட்டும் வைத்து அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்துக் கொடுத்தும் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதைக்கூடப் பெண்களைச் சேர்த்த பிறகுதானே அறிய முடிந்தது?

இயற்கையாகவே கிருமியை ஒழித்துவிட்டதாகத் தோன்றும் அபூர்வமான இருவரைப்பற்றி 2020-லும் 2021-லும் செய்தி வந்தது. ஒருவர் கலிபோர்னியாக்காரர், மற்றவர் அர்ஜென்டினாக்காரர். இருவரும் பெண்கள். பெண்ணுடம்பில் ஏதோ ஒரு சாமர்த்தியம் இருக்கிறதென்று இயற்கையே விரலை நீட்டிக் காட்டுகிறது. நமது பண்டிதர்களோ வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கர்ப்பத்துக்குக் கெடுதல் வருமே என்பது எதிர்க்கட்சி. இதையே சாக்காக வைத்து, 1977-ல் அமெரிக்க மருந்து இலாகா, பிள்ளை பெறக்கூடிய பெண்களை ஆரம்பச் சோதனைகளிலிருந்து விலக்கிவைத்து, 1993-ல்தான் மனம் மாறியது. விலக்கினால் ஆபத்து போய்விடுகிறதா? சோதனையில் படவேண்டிய ஆபத்து, சோதனை முடிந்து மருந்து கடைக்கு வந்த பிறகு லட்சக்கணக்கான பெண்கள்மேல் விழுகிறது, அவ்வளவுதான். டாலுடெக்ராவிர் என்ற நல்ல மருந்தால் சிசுவுக்கு முதுகுத்தண்டு ஊனம் வரலாமென்று 2018-ல் போட்ஸ்வானாவிலிருந்து ஒரு பயம் கிளம்பி, பல நாடுகளில் இளம்பெண்களுக்கு அதைக் கொடுக்கத் தயங்கினார்கள். அதே நாட்டில் இன்னும் அதிகமான பிரசவங்களைக் கணக்கெடுத்தபோது அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை என்றாகிவிட்டது. முன்னாலேயே பெண்களைச் சேர்த்துப் பார்த்திருந்தால் இந்தத் தடுமாற்றம் ஏது?

பெண்கள் வரமாட்டார்கள் என்பதும் வீண்பேச்சு. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்தருகே, தோழர் தும்பி உண்டுங்கு முதலான ஆராய்ச்சிக்காரர்கள் 20 இளம்பெண்களைச் சேர்த்துச் செய்த சோதனையின் முடிவு 2025 மார்ச்சில் சொல்லப்பட்டது. ஆறு பேர் 48 வாரங்கள்வரை மாத்திரையில்லாமல் இருந்தார்கள். நால்வர் அதற்கு மேலும் இருந்துவருவதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் மாத்திரைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. இது நோய் தீர்ந்த செய்தி அல்ல. இதைக் காட்டி எவனாவது லேகியம் விற்க வந்தால், மாத்திரையை நிறுத்தச் சொன்னால், அவனை ஊருக்குள் விடாதீர்கள். இச்செய்தி நமக்கு முக்கியமானதற்குக் காரணம் வேறு. அங்கே பரவியிருப்பது ‘சி’ என்ற இனக் கிருமி. இந்தியாவில் மிகுதியாக இருப்பதும் அதே இனம். ஐரோப்பா, அமெரிக்காவில் மிகுந்திருப்பதோ ‘பி’ இனம். வெள்ளைக்கார ஆண்களின் உடம்பில் ‘பி’யைப் பார்த்துக் கண்டுபிடித்த வைத்தியம், பொன்னேரித் தாலுக்காப் பெண்ணுக்கும் பொருந்துமென்று கண்ணை மூடி நம்புவதற்கும் தாயத்துக் கட்டிக்கொள்வதற்கும் அதிக வித்தியாசமில்லை.

இந்தியாவில் இக்கிருமியோடு வாழும் சுமார் 25 லட்சம் பேரில் நூற்றுக்கு நாற்பதுக்குமேல் பெண்கள். சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே 2006-லேயே எச்.ஐ.வி. தடுப்பூசிச் சோதனை நடத்தியிருக்கிறார்கள். கிருமி தொற்றிய பெண்கள் தாங்களே கூடி 1998-ல் சென்னையில் சங்கமும் கண்டிருக்கிறார்கள். ஆளுமிருந்து இடமுமிருந்து, தீர்க்கும் ஆராய்ச்சியை இங்கே பெண்களைக்கொண்டு நடத்த சர்க்காருக்கு என்ன தடை? நடத்தும்போது 1986-ல் நடந்ததுபோல் நடக்கக்கூடாது. சம்மதமில்லாமல் சோதனையோ ஆராய்ச்சியோ கூடாதென்று 2017-ஆம் வருஷத்துச் சட்டமே சொல்லுகிறது. மாத்திரையை நிறுத்திப் பார்க்கும் சோதனையானால், கிருமி திரும்பி வரக்கூடும், வீட்டிலுள்ளவனுக்குத் தொற்றக்கூடும் என்பதையெல்லாம் அவளுக்கு விளங்கும் தமிழில் சொல்லி, வேண்டாம் என்றால் மறுபேச்சில்லாமல் விடவேண்டும். திட்டம் போடும் மேஜையிலேயே அந்தச் சங்கத்துப் பெண்களை உட்காரவைக்க வேண்டும்.

ஆண் தோழர்களே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மீஞ்சூரிலிருந்து ரயிலேறி ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கி வருவதற்கே ஒரு பெண்ணுக்கு ஒரு நாள் கூலி போகிறது. மாமியாருக்கு ஒரு பொய், பக்கத்து வீட்டுக்கு ஒரு பொய் சொல்லவேண்டியிருக்கிறது. சோதனை என்றால் வாரா வாரம்கூடப் போகவேண்டிவரும். ரயில் கட்டணத்தையும் இழந்த கூலியையும் சர்க்கார் கொடுக்கட்டும் என்று நாம் கேட்போம். நீங்கள் ‘பொம்பளைக்கு அங்கென்ன வேலை’ என்று கேளாமல், அவள் திரும்பி வரும்வரை உலையை வைத்துப் பிள்ளைக்குச் சோறு போடுங்கள்.